இருட்டுக்குள்ள இருந்து வந்த 'ம்'

போன வருஷம் ஜூலை மாசம், மெல்போர்ன்ல மல்கிரேவ் பக்கம் நாங்க வாடகைக்கு இருக்கிற வீட்டு ஹால்ல நடந்தது இது. இத்தாலியில நடந்ததுன்னும் சொல்லலாம். எப்படின்னு குழம்பாதீங்க, முதல்ல இருந்தே சொல்றேன்.

எனக்கு ரோம் பைத்தியம். மதுரையில பி.ஏ. வரலாறு படிச்சப்போ பிடிச்ச பைத்தியம், கல்யாணமாகி ஆஸ்திரேலியா வந்த பிறகும் தெளியலை. "ஒரே ஒரு தடவை ரோம் போகணும்"னு வீட்டுக்காரர் காதைத் தின்னுட்டே இருந்தேன். ஒருவழியா லீவு கிடைச்சு எல்லாம் கூடி வர்ற நேரத்துல, பழைய விசா முடிஞ்சு பிரிட்ஜிங் விசாவுல மாட்டிக்கிட்டோம். அதுல இருக்கிறவங்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை. இங்க இருக்கலாம், வேலை பார்க்கலாம். தனி அனுமதி வாங்காம நாட்டை விட்டு வெளிய கால் வெச்சா திரும்பி வர முடியாது. ரோம் கனவு போச்சு, நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு திரிஞ்சேன்.

அதைப் பார்க்கப் பொறுக்காம வீட்டுக்காரர் என் பிறந்தநாளுக்கு ஒரு காரியம் பண்ணினார். ஆன்லைன்ல ஒரு பிரைவேட் டூர் புக் பண்ணிட்டார். இத்தாலியில ஒரு கைடு அம்மா, கையில போனை வெச்சுக்கிட்டு பழைய ரோமானிய ஊரோட இடிபாடுகளுக்குள்ள நடப்பாங்க. நாம இங்க நம்ம போனை டிவியோட இணைச்சுப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். வேற யாரும் கிடையாது, நமக்கு மட்டும்தான். "ரோமை டிவியில காட்டி ஏமாத்தப் பார்க்கிறீங்களா?"ன்னு கிண்டல் பண்ணினேன். உள்ளுக்குள்ள சந்தோஷம் தாங்கலை, அது வேற விஷயம்.

அங்க காலை நேரம், நல்ல வெயில். இங்க குளிர்காலச் சாயங்காலம், இருட்டத் தொடங்கிடுச்சு. சாமிக்கு விளக்கு ஏத்தி வெச்சுட்டு, ஹீட்டரைப் போட்டு, போர்வையைப் போர்த்திக்கிட்டு சோபாவுல உட்கார்ந்தேன். டிவியில அந்தம்மா வந்தாங்க. ஐம்பது வயசு இருக்கும், பெரிய தொப்பி, சிரிச்ச முகம். அது அவ்வளவா பேர் தெரியாத இடமாம். இந்த வெயில்ல யாரும் வரமாட்டாங்களாம், வாசல்ல டிக்கெட் கொடுக்கிறவரை விட்டா உள்ள ஒரு ஈ காக்கா இல்லைன்னு சொன்னாங்க.

கல் பாவின தெருவுல வண்டிச்சக்கரம் பதிஞ்ச தடம், மாவு அரைக்கிற கல்லு, குளிக்கிற இடம்னு ஒவ்வொண்ணா காட்டிட்டே வந்தாங்க. நான் என்னை அறியாம 'ம்... ம்...'னு கொட்டிட்டே இருந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவங்க நின்னுட்டாங்க. அது என்ன சத்தம்னு கேட்டாங்க. எனக்கு வெட்கமா போச்சு. எங்க பக்கத்துல ஒருத்தர் கதை சொன்னா கேட்கிறவங்க ம் கொட்டணும், கொட்டலைன்னா தூங்கிட்டாங்கன்னு அர்த்தம், சொல்றவங்க நிறுத்திடுவாங்கன்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல விளக்கினேன்.

அந்தம்மாவுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. டூர் எடுக்கிறவங்க பாதிப் பேர் மைக்கை அணைச்சுட்டுத்தான் பார்ப்பாங்களாம். "ஆளில்லாத இடத்துல தனியா பேசிட்டு நடக்கிறது சில நாள் எனக்கே பயமா இருக்கும். நீங்க அந்தச் சத்தத்தை நிறுத்தாதீங்க"ன்னு சொன்னாங்க.

அப்புறம் ஊர் வாசலைத் தாண்டி வெளிய கூட்டிட்டுப் போனாங்க. ரோடு நெடுக ரெண்டு பக்கமும் சின்னச் சின்ன வீடு மாதிரி கட்டடங்க. கூரை இல்லை, கதவு இல்லை. எல்லாம் கல்லறைங்கன்னு அவங்க சொன்னதும் எனக்குத் திக்குன்னு ஆச்சு. விளக்கு வைக்கிற நேரத்துல சுடுகாட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களேன்னு முணுமுணுத்தேன். "செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு, இன்னுமா உன்னைப் பிடிக்கக் காத்துக்கிட்டு இருப்பாங்க?"ன்னு வீட்டுக்காரர் சிரிச்சார்.

ஊருக்குள்ள புதைக்கவோ எரிக்கவோ கூடாதுங்கிறது அந்தக் காலத்துச் சட்டமாம். அதனால ரோட்டோரமா கட்டிக்கிட்டாங்களாம். போறவங்க வர்றவங்க ஒரு நிமிஷம் நின்னு, கல்லுல இருக்கிற பேரைச் சத்தமா வாசிக்கணும், அதுதான் அவங்க ஆசையாம். சில கல்லுல அப்படியே எழுதி வெச்சிருக்காங்கன்னு அந்தம்மா சொன்னாங்க. இடிஞ்சு போன ஒரு கல்லறை முன்னாடி நின்னு, கல்லுல இருந்த எழுத்தை விரலால தடவிக்கிட்டே ஒரு பொண்ணு பேரை வாசிச்சாங்க. ரொம்ப மெதுவா, கூப்பிடுற மாதிரி.

"இப்ப அவ நம்ம பேச்சைக் கேட்டுட்டு இருப்பா"ன்னு சிரிச்சாங்க. நான் பழக்கதோஷத்துல 'ம்'னு சொன்னேன். அதுவரைக்கும் காதைத் துளைச்சுட்டு இருந்த சில்வண்டுச் சத்தம் சட்டுனு நின்னுச்சு. டூர் ஆரம்பிச்சதுல இருந்து நிக்காத சத்தம் அது.

அந்தக் கல்லறைக்குள்ளயே நாலஞ்சு படி கீழ இறங்கினாங்க. நிலத்துக்கடியில ஒரு அறை. சுவர் பூரா புறாக்கூண்டு மாதிரி பொந்துங்க, ஒவ்வொண்ணுலயும் ஒருத்தரோட சாம்பலை வைப்பாங்களாம். படம் விட்டு விட்டு வந்துச்சு. கடைசிப் படியில கால் வெச்சிருப்பாங்க, என்ன ஆச்சுன்னே தெரியலை. செங்கல் சுவர் ஒரு சுத்து சுத்துச்சு, 'தொம்'னு ஒரு சத்தம், டிவி கறுப்பாயிடுச்சு. அந்தம்மா கத்தக்கூட இல்லை.

"லைன் போச்சு. கட் பண்ணிட்டு மறுபடி கூப்பிடுவோம்"னு வீட்டுக்காரர் போனைக் கையில எடுத்தார். அவருக்கு ஐ.டி. வேலை. மிக்ஸி ஓடலைன்னாக்கூட அணைச்சுப் போடச் சொல்ற ஆள். சிவப்புப் பட்டன்மேல விரல் போயிடுச்சு.

அப்பதான் எனக்குக் கேட்டுச்சு. 'ம்...'

மெல்லிசா, ஆனா தெளிவா. நான் அவர் கையைப் பிடிச்சுட்டேன். "கட் பண்ணாதீங்க, அவங்க இருக்காங்க." தனக்கு ஒண்ணும் கேட்கலைன்னார் அவர். ஆனா போனைப் பார்த்தா லைன் அறுபடலை, ஓடிட்டுத்தான் இருந்துச்சு. கறுப்பா இருந்ததுக்குக் காரணம், அந்தம்மாவோட போன் குப்புற எங்கயோ கிடந்ததுதான்.

நான் முதியோர் இல்லத்துல வேலை பார்க்கிறேன். விழுந்து கிடக்கிறவங்களைத் தெரியும் எனக்கு. குரல் கொடுத்துக்கிட்டே இருக்கணும், நினைவு தப்ப விடக்கூடாது. நான் பேச்சுக் கொடுக்கிறேன், நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கன்னேன். பதட்டத்துல அவர் என் போனை எடுத்து ஐரோப்பாவோட அவசர நம்பரைத் தட்டிட்டார். இங்க இருந்து அதை அடிச்சா எங்க போகும்? நம்ம ஊர் ஆம்புலன்ஸுக்கே போச்சு. எந்த ஏரியான்னு போனை எடுத்த பொண்ணு கேட்க, "இத்தாலி"ன்னு இவர் சொல்ல, அந்தக் கூத்தை இப்ப நினைச்சா சிரிப்பு வருது.  டூர் புக் பண்ண நம்பரை அடிச்சா மெஷின் பேசுது.

அப்ப எனக்கு எதிர்வீட்டு அங்கிள் ஞாபகம் வந்துச்சு. சின்ன வயசுலயே இத்தாலியில இருந்து வந்து இங்கயே கிழவரானவர். எங்க வீட்டு மரத்து இலை அவரோட தக்காளிப் பாத்தியில விழுதுன்னு எங்களோட ஓயாத சண்டை, முகம் கொடுத்துப் பேசி ரொம்ப நாளாச்சு. "போங்க, கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாங்க"ன்னு துரத்தினேன். செருப்புகூடப் போடாம ஓடினார் மனுஷன்.

வீட்டுல நான் மட்டும்தான். டிவி கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அதுல என் முகம், பின்னாடி சாமி விளக்கோட வெளிச்சம். "பயப்படாதீங்க, ஆள் வருது, நான் இங்கதான் இருக்கேன்"னு இங்கிலீஷ்ல சொன்னேன். பதில் இல்லை. மறுபடி சொன்னேன். கொஞ்சம் கழிச்சு, 'ம்...'

எனக்கு உயிர் வந்துச்சு. பேச ஆரம்பிச்சேன். என்ன பேசுறது? வாய்க்கு வந்ததைப் பேசினேன். இந்த ஊருக்கு வந்த புதுசுல, கிளேட்டன் ஸ்டேஷன்ல இறங்கி, எதிர்ப்பக்கம் போற பஸ்ல ஏறி, போன்ல சார்ஜும் இல்லாம, கடைசி ஸ்டாப்புல இறங்கி அழுத கதையைச் சொன்னேன். டிரைவர் தன்னோட சாண்ட்விச்சைப் பாதி பிச்சுக் கொடுத்ததைச் சொன்னேன். எப்ப இங்கிலீஷை விட்டேன், எப்ப தமிழுக்கு மாறினேன்னு எனக்கே தெரியலை. நான் நிறுத்துற இடத்துல எல்லாம் 'ம்' வந்துச்சு. முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. நம்ம ஆளுங்க கொட்டுற மாதிரி, சரியான இடத்துல.

தொண்டை வறண்டு போய் நடுவுல தண்ணி குடிச்சேன். ரூம்ல ஒரு சத்தம் இல்லை. அப்ப டிவிக்குள்ள இருந்து, கொஞ்சம் இழுத்து, "ம்ம்?"னு கேட்டுச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னு கேட்கிற மாதிரி.

 தமிழ் தெரியாத அம்மா எப்படி இவ்வளவு சரியா கேட்கிறாங்கன்னு மனசுல ஒரு ஓரத்துல பட்டுச்சு. ஆனா அதை யோசிக்க எனக்கு அப்ப தைரியம் இல்லை. கதையை விட்ட இடத்துல இருந்து தொடர்ந்தேன்.

வீட்டுக்காரரும் அங்கிளும் மூச்சு வாங்க ஓடி வந்தாங்க. அங்கிள் ஏற்கெனவே போன்ல இருந்தார். அவரோட தங்கச்சி மகன் இத்தாலியில இருக்கான், அவன் ஆம்புலன்ஸுக்கும் சொல்லி, அந்த இடத்து வாசலுக்கும் சொல்லியாச்சு. அங்கிள் டிவி முன்னாடி மண்டி போட்டு இத்தாலியன்ல கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு பதிலும் இல்லை. அவர் வந்ததுக்கப்புறம் அந்தச் சத்தம் வரவே இல்லை. 'ஐயோ, போயிட்டாங்களா'ன்னு நான் அழுதே விட்டேன்.

கொஞ்ச நேரத்துல ஆளுங்க ஓடி வர்ற சத்தம். யாரோ போனைத் திருப்பினாங்க, டிவி பூரா வெளிச்சம், மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தர் முகம். அங்கிள்கிட்ட ரெண்டு வார்த்தை சொல்லிட்டு லைனை வெச்சுட்டார். உயிர் இருக்குன்னு அங்கிள் சொன்னதும் மூணு பேரும் அப்படியே சோபாவுல உட்கார்ந்துட்டோம். டீ போட்டுக் கொடுத்தேன். தக்காளிச் சண்டை அந்த டீயோட முடிஞ்சுது.

இடுப்பெலும்பு முறிஞ்சு, தலையில பலமான அடி, நிறைய ரத்தம் போயிருக்கு. சாயங்காலம் பூட்ட வர்ற வரைக்கும் அங்கயே கிடந்திருந்தா பிழைச்சிருக்க மாட்டாங்கன்னு டாக்டர் சொன்னாராம். நாங்க மட்டும் அந்தப் பட்டனை அமுக்கியிருந்தா? லைன் போச்சுன்னு நினைச்சு, திரும்பத் திரும்ப அடிச்சுப் பார்த்துட்டு, சாப்பிடப் போயிருப்போம். 

சில மாசம் கழிச்சு அந்தம்மாவே வீடியோவுல கூப்பிட்டாங்க. இளைச்சுப் போய் தடி வெச்சுக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்து அழுதாங்க, நானும் அழுதேன். அப்புறம் என் வீட்டுக்காரரைப் பார்த்து, உங்களுக்கும் நன்றின்னாங்க. எதுக்குன்னு அவர் கேட்டார்.

"உங்க மனைவி பேசப் பேச நீங்க ம் சொல்லிட்டே இருந்தீங்களே. அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் தூங்காம இருந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அந்தம்மாவைப் பார்த்தேன். "அது நீங்க சொன்னதுதானே?"ன்னு கேட்டேன்.

அவங்க இல்லைன்னு தலையை ஆட்டினாங்க. தாடையில அடிபட்டு வாயே திறக்க முடியலையாம், மூச்சு விடுறதே பெரிய பாடா இருந்துச்சாம்.  அப்புறம் அவங்க மெதுவா சொன்னாங்க: "இப்ப யோசிச்சா, அது போன்ல இருந்து வரலை. உங்க குரல் போன்ல இருந்து வந்துச்சு. அது என் தலைமாட்டுல இருந்து வந்துச்சு."

பழக்கத்துல 'ம்' சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. விழுங்கிட்டேன்.

வீட்டுக்காரர் இன்னும் ஒத்துக்கலை. அடிபட்டவங்க முனகியிருப்பாங்க, அதுவே அவங்களுக்கு ஞாபகம் இல்லை, இல்லைன்னா உன் குரலே எதிரொலிச்சிருக்கும்பார். முனகல் சரி, எதிரொலி எப்படி? கதை சொல்றவ தானே ம் கொட்டுவாளா? கேட்டா டிவியை ஆன் பண்ணிடுவார்.

எங்க இல்லத்துல கடைசிக் காலத்துல இருக்கிறவங்க பல பேருக்கு இங்கிலீஷ் மறந்து, பிறந்த மொழி மட்டும் மிஞ்சியிருக்கும். ஒரு பாட்டி கிரேக்க மொழியில என்னவோ சொல்லிட்டே இருப்பாங்க. எனக்கு ஒரு அட்சரம் புரியாது. முன்னெல்லாம் தலையணையைச் சரி பண்ணிட்டு நகர்ந்துடுவேன். இப்ப நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவங்க நிறுத்துற இடத்துல எல்லாம் ம் சொல்றேன். அந்த முகத்துல வர்ற நிம்மதியைப் பார்க்கணுமே நீங்க.

போன மாசம் எங்க விசா வந்துடுச்சு. ரோமுக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. மத்ததெல்லாம் அப்புறம், முதல்ல அந்தக் கல்லறைக்குத்தான் போகணும்னு சொல்லிட்டேன். அந்தக் கல்லுல இருக்கிற பொண்ணு பேரைச் சத்தமா வாசிக்கணும், அப்புறம் அந்தப் படியில கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கணும். என் கதையை அன்னைக்கு முழுசா கேட்டவ அவ. அவளுக்கும் சொல்றதுக்கு ஏதாவது இருந்தா, ம் கொட்ட ஒரு ஆள் வேணும்ல.