என் மகள் பார்த்திராத உயரம்

லாரியில் ஏற்றிய லோடுக்கு மேல் நின்று தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். இழுத்த கயிறு அறுந்தது. பின்பக்கமாகக் கீழே விழுந்தேன்.

வலி பெரிதாக இல்லை. ஒரு செருப்பு கழன்று சற்றுத் தள்ளிக் கிடந்தது. அது எந்தக் காலிலிருந்து கழன்றது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் பயம் வந்தது அதனால்தான்.

“காலை அசைச்சுப் பாருங்க” என்றார் உடன் வந்த டிரைவர்.

“அசைச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்” என்றேன்.

அவர் என் கால்களைப் பார்த்தார். அவை கிடந்தபடியே கிடந்தன.

சேலத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நொறுங்கிய முதுகெலும்பைக் கம்பியும் திருகும் வைத்து நிறுத்தினார்கள். தண்டுவடம் (மூளையிலிருந்து உடலுக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புக் கற்றை) தொப்புள் மட்டத்தில் முழுமையாக அடிபட்டிருந்தது. அதற்குக் கீழே உணர்ச்சியோ அசைவோ திரும்புவது மிகக் கடினம் என்று மருத்துவர் என் மனைவி கோகிலாவிடம் சொன்னார். அப்போது அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. உள்ளே வந்தவள் அதை என்னிடம் சொல்லவில்லை. போர்வையைச் சரி செய்துவிட்டு, “சாப்பிட என்னுங்க வேணும்?” என்று கேட்டாள். அவள் குரலிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மித்ரா பிறந்தபோது நான் சக்கர நாற்காலிக்கு வந்திருந்தேன். அவளை அதிகமும் தூக்கி வைத்திருந்தது நான்தான். மடியில் அவள் கனம் எனக்குத் தெரியாது. ஈரம் செய்தாலும் கையால் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். வயிற்றுக்கு மேலே அவள் தலை சாயும் இடத்தில் மட்டும் கதகதப்பு இருக்கும். அந்த ஒரு சாண் இடத்தில்தான் என் மகளை நான் அறிந்தேன்.

நாமக்கல்லுக்கு வெளியே எங்கள் வீட்டிலிருந்து லாரிகளுக்கு லோடு புக்கிங் பார்க்க ஆரம்பித்தேன். அதற்குப் போனும் வாயும் போதும். மித்ராவுக்கு நாலு வயதானபோது, சேலத்தில் நான் வழக்கமாகப் போகும் மறுவாழ்வு மையத்திலிருந்து பிசியோதெரபிஸ்ட் சங்கீதா அழைத்தார். எக்ஸோஸ்கெலிட்டன் (கால்களுக்கு வெளியே அணியும், மோட்டார் பொருத்திய கூடு) வந்திருக்கிறது, பயிற்சிக்கு வருகிறீர்களா என்று கேட்டார்.

அங்கிருந்த மருத்துவர் முதலிலேயே தெளிவாகச் சொன்னார். “இது உங்க காலைக் குணமாக்காதுங்க. போட்டிருக்கற வரைக்கும் நிக்கலாம், நடக்கலாம். கழட்டுனா மறுபடி சேர்தான். அதுக்குச் சம்மதம்னா பார்க்கலாம்.”

சம்மதித்தேன். எலும்பின் உறுதியைச் சோதித்தார்கள். பல ஆண்டுகள் நிற்காத கால்களில் எலும்பு மெலிந்துவிடும், சிறு அழுத்தத்திலும் முறியலாம். பிறகு சாய்வு மேசை (படுத்தபடி கட்டி, மெதுவாக நிமிர்த்தும் மேசை) மேல் பழக்கினார்கள். முதல் நாள் பாதி நிமிர்வதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நிற்பது என்பதை என் இரத்தம்கூட மறந்திருந்தது.

பத்து நாள் கழித்துக் கூட்டை மாட்டினார்கள். மார்பு, தொடை, கணுக்கால் எல்லாவற்றிலும் பட்டை. சங்கீதா பின்னால் பிடித்துக்கொண்டார். மோட்டார் மெல்ல முனக, நான் எழுந்தேன்.

அலமாரியின் மேல் படிந்திருந்த தூசி கண்ணுக்குத் தெரிந்தது. கோகிலாவின் தலை வகிடு தெரிந்தது.

“நீங்க இத்தன ஒசரமுன்னு எனக்கு மறந்தே போச்சுங்க” என்றாள். என் சட்டைக் காலரை ஒருமுறை சரி செய்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நடப்பது வேறு பாடம். உடம்பை வலப்பக்கமும் முன்னாலும் சாய்த்தால் கூடு இடக்காலை எடுத்து வைக்கும். பாதம் தரையில் பட்டதா என்று எனக்குத் தெரியாது. சத்தத்தை வைத்தும், ஊன்றுகோலில் தோள் உணரும் பாரத்தை வைத்தும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நாள் ஆறு அடி வைத்துவிட்டு, நாள் முழுக்க லோடு ஏற்றியவன்போல வியர்த்து உட்கார்ந்தேன்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்லவேண்டும். சனிக்கிழமை மித்ராவை அழைத்துவந்து, அவள் முன்னால் நிற்பது என்று முடிவு செய்திருந்தேன். வியாழக்கிழமை கணுக்காலில் சிவப்பாக ஒரு தடம் இருந்தது. அழுத்தத்தால் வந்த சிவப்பு அரைமணி நேரத்தில் மறையாவிட்டால் பயிற்சியை நிறுத்தவேண்டும், இல்லையென்றால் புண்ணாகிவிடும். எனக்கு இது நன்றாகத் தெரியும்.

“கொசு கடிச்சிருக்கும்” என்றேன்.

கோகிலா விரலால் அழுத்திப் பார்த்தாள். “கொசு பட்டை போட்ட மாதிரியா கடிக்கும்? புண்ணு வந்து மூணு மாசம் குப்புறப் படுத்துக் கிடந்தது மறந்து போச்சுங்களா?” என்று சொல்லிவிட்டுச் சங்கீதாவுக்குப் போன் செய்தாள்.

இரண்டு வாரம் பயிற்சி இல்லை. நான் அவளிடம் சரியாகப் பேசவில்லை. இதைப் படிக்கும் உங்களுக்கும் உணர்வில்லாத தோல் இருந்தால், உங்களுக்காக அதைப் பார்க்கிற கண்ணுடன் சண்டை போடாதீர்கள்.

தோல் ஆறிய பிறகு மித்ரா வந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று பல நாளாக நினைத்து வைத்திருந்தேன்.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அண்ணாந்து பார்த்தாள். மோட்டார் முனகியது. நேராக ஓரத்தில் கிடந்த என் காலி நாற்காலியிடம் போய், அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

“பாப்பா, அப்பா நிக்கறாரு பாரு சாமி” என்றாள் கோகிலா.

“அப்பாவ உக்காரச் சொல்லுங்கம்மா” என்று அழ ஆரம்பித்தாள் மித்ரா. “இங்க வந்து உக்காரச் சொல்லுங்க.”

பயிற்சி நேரம் பாதி மீதமிருந்தது. சங்கீதா தாழ்ந்த குரலில், “உக்காந்துரலாமாண்ணா?” என்றார்.

உட்கார்ந்தேன். கூட்டைக் கழற்றுவதற்குள் மித்ரா மடியில் ஏறிவிட்டாள். முகத்தை வழக்கமான இடத்தில் வைத்துத் தேய்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, முழங்கால் மோட்டாரை விரலால் தட்டி, “இது யாருதுங்கப்பா?” என்று கேட்டாள்.

“இந்த ஆஸ்பத்திரியோடது சாமி.”

“குடுத்துருவீங்களா?”

“குடுத்துருவேன்.”

அவளுக்கு நிம்மதியானது. அவளுடைய அப்பா நாற்காலியிலேயே முழுமையாகத்தான் இருந்திருக்கிறார். நிற்கும் மனிதர் எனக்கும் கோகிலாவுக்கும் மட்டுமே தெரிந்தவர். அன்றைக்கு வலித்தது, உண்மை. ஆனால் அந்த வலியில் ஏதோ ஒரு பாரம் இறங்கவும் செய்தது.

அடுத்தடுத்த வாரங்களில் மித்ராவுக்குப் பழகிவிட்டது. கடைசிப் பயிற்சியன்று அந்தக் கூடத்தின் நீளம் முழுக்க நடந்தேன். அவள் முன்னால் ஓடுவாள், திரும்பி வருவாள், “நீங்க ரொம்ப மெதுவுங்கப்பா” என்பாள், மறுபடி ஓடுவாள்.

இப்போது அந்தக் கூட்டில் எடப்பாடிக்காரர் ஒருவர் பழகுகிறார். எனக்கு ஸ்பாஸ்டிசிட்டி (கேட்காமலே கால்கள் விறைத்துத் துடிப்பது) குறைந்திருக்கிறது. மலச்சிக்கல் தணிந்திருக்கிறது. முதுகு நிமிர்ந்து அதிக நேரம் உட்கார முடிகிறது. இவை நீடிக்குமா என்று மருத்துவரால் உறுதி சொல்ல முடியவில்லை.

போன மாதம் கோகிலா கதவு நிலையில் பென்சிலால் மித்ராவின் உயரத்தைக் குறித்தாள். அப்பாவுக்கும் கோடு போடவேண்டும் என்று மித்ரா பிடிவாதம் பிடித்தாள்.

“எந்த ஒசரம் கண்ணு, நின்னதா, உக்காந்ததா?” என்று கேட்டாள் கோகிலா.

மித்ரா யோசிக்கவில்லை. நாற்காலியை நிலைக்கு அருகே தள்ளச் சொன்னாள். பாதத்தாங்கியில் ஏறி நின்று, என் தலைக்கு மேலே கோணலாக ஒரு கோடு போட்டாள்.

விழுந்த நாளிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்றே எண்ணி வந்தவன் நான். இப்போது அந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. இன்னும் நாலைந்து வருடத்தில் மித்ரா என்னைத் தாண்டிவிடுவாள். அந்த நாளுக்காகக் காத்திருக்கிறேன்.