வேட்டிக்காகத் திரும்பி வந்த அப்பா

குற்றாலத்துக்குச் சீசனுக்குப் போவதென்றால், வருஷம் பூராவும் பேசிவிட்டுக் கடைசியில் போகாமல் இருந்துவிடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். அந்த வருஷம் மட்டும் வாசலில் வேனே வந்து நின்றது.

அப்பா எங்கள் கிராமத்துப் பஞ்சாயத்துத் தலைவர். அந்தக் காலத்தில் சுற்றுவட்டாரப் பஞ்சாயத்துத் தலைவர்கள்தான் ஓட்டுப் போட்டு யூனியன் சேர்மனைத் தேர்ந்தெடுப்பார்கள்; அந்தத் தேர்தல் சமயம் அது. சேர்மனாக ஆசைப்பட்ட அரிசிமில் முதலாளி, தலைவர்களைக் குடும்பத்தோடு குற்றாலத்தில் கொண்டுபோய் வைத்து விருந்து போட்டார். அப்பா வர மாட்டேன் என்றார். வேனில் வந்த முதலாளியின் மச்சினர் எப்போதும் சிரித்த முகம். "நீங்க வராட்டா என்ன அண்ணாச்சி, மதினியும் பிள்ளையும் வரட்டும்" என்று என்னைத் தூக்கி வேனில் உட்கார வைத்தார். அப்பாவும் பின்னாலேயே ஏறிவிட்டார். எனக்கானால் ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷம்!

லாட்ஜில் மூன்று வேளையும் இலைச் சாப்பாடு. கடைத்தெருவுக்கு மட்டும் யாரும் தனியாகப் போகக் கூடாது. வாசலில் எந்நேரமும் ஆட்கள் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போகணும் என்று நான் அழுதால், "சத்தம் போடாதட்டி" என்று அம்மா வாயைப் பொத்துவாள். அவள் கை சில்லென்றிருக்கும். அந்தக் கையிலிருந்துதான் பயம் எனக்குத் தொற்றியது. என்னவென்றே தெரியாத பயம் இருக்கிறதே, அது பேய்ப் பயத்தைவிட மோசம். பேய்க்காவது திருநீறு உண்டு.

தேர்தலுக்கு முந்தின நாள் பந்தியில் மச்சினர் சிரித்தபடியே சொன்னார்: "நாளைக்கு சீட்டுல குறி போட்டதும் நம்ம ஆளுகிட்ட ஒரு தடவ காட்டிட்டுப் பெட்டில போடுங்க. வீட்டு ஆட்கள நான் இங்கன பத்திரமா பாத்துக்கிடுதேன்." அப்பா எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டார்.

பந்தி முடிந்து அருவிக்குப் போனோம். ஆண்களைக் கோவணத்தோடு கல்லில் உட்கார்த்தி எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். அவர்களுடைய வேட்டி சட்டையையெல்லாம் மச்சினரின் ஆள் மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொள்வான். பஞ்சாயத்துத் தலைவர் கோவணத்தோடு எங்கே ஓடிவிடப் போகிறார் என்பது அவர்கள் கணக்கு. மரியாதைப்பட்டவனுக்கு வேறு விலங்கு எதற்கு?

அப்பா ஓடினார். குளிக்கிற கூட்டத்துக்குள் புகுந்து, எண்ணெய் சொட்டச் சொட்ட, தென்காசிப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டைப் பார்த்து ஓடினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மச்சினர் பதறவில்லை, ஆளையும் ஏவவில்லை. "வா தாயி, அருவி காட்டுதேன்" என்று என்னைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாசி பிடித்த பாறை விளிம்பில் நிறுத்தினார். பிடித்துக்கொள்ளத் தன் ஒற்றை விரலை மட்டும் கொடுத்தார். கால் வழுக்கியது. கீழே சிற்றாறு நுரைத்துக்கொண்டு ஓடியது. ஐயோ, இப்போது நினைத்தாலும் என் உள்ளங்கால் கூசுகிறது! அம்மா அலறியது அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? மச்சினர் என்னைப் பார்க்கவேயில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோட்டுத் திருப்பத்தில் அப்பா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்படியே நின்றார். பிறகு நடந்தே திரும்பி வந்தார்.

"சாரல்ல குளிரும் அண்ணாச்சி" என்று மச்சினர் வேட்டியை நீட்டினார். அப்பாவுக்கு அதைக் கட்டிக்கொள்ளக் கை வரவில்லை. அம்மாதான் கட்டிவிட்டாள், அத்தனை பேருக்கு முன்னால்.

மறுநாள் அப்பா சீட்டைக் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட்டாராம். முதலாளி சேர்மனானார். ஒரு அடிதடி இல்லை, தேர்தல்னா இப்படில்லா நடக்கணும் என்று ஊரே மெச்சியது. தலைவர்களுக்கு மாலை போட்டு, அதே வேனில் எங்களையும் ஏற்றி அனுப்பினார்கள்.

நான் அப்பா மடியில் இருந்தேன். "ஓடிப் போனீயள்லா, பொறவு ஏம்ப்பா திரும்பி வந்திய?" என்று கேட்டேன்.

"வேட்டிய மறந்துட்டேம்லா, அதான்" என்றார் அப்பா.

வேனில் எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட நான்தான் உரக்கச் சிரித்தேன். ஊர் வந்து சேரும்வரை அப்பா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். வலிக்கிறது, விடுங்கள் என்று நான் உதறிக்கொண்டே வந்தேன்.