அப்பாவின் கைக்கு ஒரு ஸ்பின்னர்

எங்கள் பள்ளிக்கூடத்தை ஸ்பின்னர் மோகம் பிடித்து ஆட்டிய வருஷத்தில் எனக்கு ஒன்பது வயது. நடுவில் ஒரு பேரிங், அதைச் சுற்றி மூன்று இதழ். இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்துத் தட்டிவிட்டால் ஃபேன் மாதிரி சுற்றும். அவ்வளவுதான் அந்தச் சாமான். ஆனால் அது இல்லாத பிள்ளையை வகுப்பில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். பதற்றம் குறையும், மனம் ஒருநிலைப்படும் என்று அதன் அட்டையில் போட்டிருந்தது. எங்கள் டீச்சருக்கோ அதைக் கண்டால்தான் பதற்றமே வரும். பிடுங்கி மேஜை டிராயருக்குள் போட்டுவிடுவார். நான் சோறு உண்ணாமல் அழுது, நல்லூர் ஃபேன்சி ஸ்டோரில் சிவப்பாக ஒன்று வாங்கிக்கொண்டேன்.

அதை ஆசை தீரச் சுற்றுவதற்குள் மாமன் செத்துப்போனார்.

மாமன் என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள் ஒன்றில் எங்களோடு இருந்தவர். அப்பாவுக்கும் அவருக்கும் ஒரே சாயப்பட்டறையில் வேலை. ஒரே பைக்கில் போய் ஒரே பைக்கில் வருவார்கள். அன்றைக்குக் கழிவுநீர்த் தொட்டியில் சேறு அடைத்துக்கொண்டது, யாராவது இறங்குங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். இறங்க இருந்தது அப்பாதான். "நீங்க மேல நின்னு கவுத்தப் புடிங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு மாமன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினாராம். உள்ளே விஷவாயு. இறங்கியவர் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. அப்பா இழுத்தார். பாதி தூரம் மேலே வந்த மாமன், கட்டு நழுவி மறுபடியும் உள்ளே விழுந்துவிட்டார். பின்னாலேயே குதிக்கப் போன அப்பாவை நாலு பேர் கட்டிப்பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள்.

இதெல்லாம் இழவுக்கு வந்தவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டது. நான் பார்த்தது அப்பாவின் உள்ளங்கைகளை மட்டும்தான். இரண்டிலும் தோல் உரிந்து, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு ஓடியிருந்தது.

பட்டறையை மூடிவிட்டார்கள். அப்பா வீட்டிலேயே இருந்தார். அவர் கை மட்டும் ஓரிடத்தில் இருக்காது. வேட்டி ஓரத்தை முறுக்கும், பாயில் இருக்கும் கோரையை ஒவ்வொன்றாகப் பிடுங்கும், பேப்பரைத் துணுக்குத் துணுக்காகக் கிழிக்கும். கிழிக்க ஒன்றும் இல்லாதபோது ஒரு கை மற்றொரு கையைப் பிசைந்துகொண்டே இருக்கும். மூச்சும் ஓடி வந்தவர் போல வாங்கும்.

ஒருநாள் டிவி மேல் கிடந்த என் ஸ்பின்னரை எடுத்தார். "இது எப்படிக் கண்ணு சுத்தறது?" என்று கேட்டார். நான் காட்டிக்கொடுத்தேன். அவர் தட்டிவிட்டார். அது விர்ரென்று சுற்றியது. கண் இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி ஓய்ந்ததும் மறுபடி தட்டினார். மூச்சு மெல்ல அடங்குவது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது.

அன்றிலிருந்து அது அவருடையதாகிவிட்டது. தூங்கும்போதுகூட உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்வார். எனக்கு வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம். எங்கள் அப்பாவும் ஸ்பின்னர் சுற்றுகிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வேறு யாருக்கும் அப்படியொரு அப்பா இல்லை.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இழவு நடந்த நாள் முதல் அவள் அப்பாவிடம் பேசுவதில்லை. சோறு போட்டு வைப்பாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். ஒரு சாயங்காலம் அவள் வேலை விட்டு வரும்போது அப்பா வாசற்படியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார். நான் அவர் தோளில் சாய்ந்து, இதழ்கள் ஒன்றாகக் கலப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ற தம்பியக் குழிக்குள்ள உட்டுப்போட்டு வந்து, இங்க கொழந்தையாட்டம் வெளையாடிட்டு இருக்கறீங்களா?"

அப்பா கட்டைவிரலால் ஸ்பின்னரை நிறுத்தினார்.

"இல்ல புள்ள. கை நிக்க மாட்டீங்குது" என்றார்.

அம்மா அதைப் பிடுங்கித் தெருச் சாக்கடையில் வீசிவிட்டாள். நான் ஓவென்று அழுதேன். மாமனை நினைத்துத்தான் அழுகிறேன் என்று எண்ணிக்கொண்டு அவள் என்னை வாரி அணைத்துக்கொண்டு தானும் அழுதாள். நான் ஸ்பின்னருக்காகத்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு அப்பாவின் நிலைமை மோசமாகிவிட்டது. ஆறிக்கொண்டிருந்த உள்ளங்கையை நகத்தால் தோண்ட ஆரம்பித்தார். சோற்றைப் பிசைந்தால் பிசைந்துகொண்டே இருப்பார், ஒரு வாய் உள்ளே போகாது. அம்மா ஒரு தரம் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் இருக்கும் தரைத்தொட்டியைக் கழுவ ஏற்பாடு செய்தார். ஆள் உயரத் தொட்டி. தண்ணீரை இறைத்துவிட்டு, கடைசி வீட்டில் குடியிருந்த ஒடிசாக்காரர் வாளியோடு உள்ளே இறங்கினார். அவர் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர், நல்ல மனிதர், தானாகவே முன்வந்து இறங்கினார். பிள்ளைகள் நாங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம்.

அப்பா குளித்துவிட்டுத் துண்டோடு வந்தார். ஒடிசாக்காரரின் தலை தொட்டிக்குள் மறைவதைப் பார்த்தார்.

மாமனின் பெயரைச் சொல்லி ஒரு கத்து கத்தினார். அப்படியொரு குரலை நான் அதுவரை அவரிடம் கேட்டதில்லை. ஓடி வந்து தரையில் குப்புற விழுந்து, உள்ளே கைவிட்டு அந்த மனிதரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். சிமென்ட் விளிம்பில் இருவருக்கும் தோல் வழண்டது. மேலே வந்த ஒடிசாக்காரர் ஒன்றும் புரியாமல் இந்தியில் என்னவோ கேட்டார். அப்பா அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் வந்து இழுத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டு அண்ணன் இழுத்துப் பார்த்தார். பிடி இறுகியதே தவிர விடவில்லை. "பாவம், புத்தி பெசகிப்போச்சாட்ட இருக்குதுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா, சோப்பு நுரை வழியும் கையோடு வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பாவின் எதிரே மண்டியிட்டாள். அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"மேல வந்துட்டானுங்க. இங்க பாருங்க, மேல வந்துட்டான். உட்ருங்க. வந்துட்டானுங்க."

கடைசி விரல் பிரிகிறவரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா அவள் மடியில் கவிழ்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அம்மா ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் நீல நிறத்தில் ஒரு ஸ்பின்னர் வாங்கிவந்து, அப்பாவின் கைக்குள் வைத்து விரல்களை மூடினாள். என்னுடையதைச் சாக்கடையில் வீசியவள் அப்பாவுக்கு மட்டும் புதிதாக வாங்கித் தருகிறாளே என்று நான் சண்டை பிடித்தேன். "அது வெளையாட்டுச் சாமான் இல்ல கண்ணு, அப்பாவுக்கு மருந்தாட்ட" என்றாள். அப்புறம் பெரியாஸ்பத்திரியில் மருந்தும் கொடுத்தார்கள். அப்பா முழுசாகத் தேறிவிட்டார் என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. இப்போது ஓர் எலாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஸ்பின்னர் தேயத் தேய வேறொன்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்.

அன்று மருந்து என்று அம்மா சொன்னதைக்கூட நான் ஒரு வழியாக ஒத்துக்கொண்டேன். என் மனத்தை அரித்தது வேறொன்று. அம்மா எவரிடமும் மரியாதை குறைத்துப் பேசமாட்டாள். அந்த ஒடிசாக்காரருக்கு அவளைவிட வயது அதிகம், வாய்க்கு வாய் 'அண்ணா, வாங்க, போங்க' என்றுதான் அழைப்பாள். அப்பேர்ப்பட்டவரை, பாவம், ஊரே கூடி நிற்கும்போது 'வந்துட்டான், வந்துட்டான்' என்று அவன் இவன் போட்டுப் பேசிவிட்டாளே, அவர் என்ன நினைத்திருப்பார் என்று அம்மாவுக்காக வெட்கப்பட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.