மருதமுத்து மாஸ்டரின் பெயருக்காக டயகம வரை

சென்ற ஓகஸ்டில், ஒரு வியாழக்கிழமை, நான் செய்த தவறொன்றைத் திருத்துவதற்காக டயகமவுக்குப் போய் வந்தேன். தேயிலையின் பசுமையை வருணிக்கும் பதிவுகள் இணையத்தில் ஏராளம். அதை வேண்டுவோர் அங்கே செல்லலாம்.

ஓய்வுபெற்ற பின், தாவரப் பெயர்களைத் தரவுத்தளமொன்றில் பதிந்து வருகிறேன். ஒவ்வொரு தாவரப் பெயரையும் அடுத்து, அதை வெளியிட்டவரின் பெயர் வர வேண்டும். ஒருவர் சூட்டிய பெயரை வேறொருவர் விளக்கம் எழுதி வெளியிட்டிருந்தால் இருவரையும் குறிக்கலாம்: முதலில் சூட்டியவர், நடுவே 'எக்ஸ்' என்ற லத்தீன் சொல், பின்னர் வெளியிட்டவர். முதலாமவரை விட்டுவிடவும் விதி இடங்கொடுக்கிறது.

டயகமவின் ஓடைக்கரைக் காசித்தும்பை ஒன்றுக்குப் பழைய பதிவு அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தன. கட்டம் சுத்தமாக இருக்கட்டுமே என்று முதற்பெயரை விட்டேன். அது அங்கே தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருந்த மருதமுத்துவின் பெயர் என்பது, "என் பெயர் எங்கே?" என்று அவர் கடிதம் எழுதியபோதுதான் உறைத்தது. திரும்பச் சேர்ப்பதற்கு அட்டை போதாது. பெயர் அவருடையது என்று, செடியின் விளக்கம் முதன்முதல் வெளியான கட்டுரையிலேயே அச்சாகியிருக்க வேண்டும். எங்கள் நூலகப் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. தம்மிடம் இருந்த ஒரே பிரதியைத் தபாலில் அனுப்ப அவர் மறுத்தார். நானும் அதையே செய்திருப்பேன்.

கண்டியில் காலை 6.15 பேருந்து, ஹட்டனை 9.20க்கு அடைந்தது, 290 ரூபாய். அங்கிருந்து தலவாக்கலை வழியாக டயகம, இரண்டு மணி நேரம், 210 ரூபாய். லிந்துலைக்கு அப்பால் வளைவுகள் கடுமை. காலையுணவை அளவோடு உண்ணவும். கடைசி நான்கு கிலோமீற்றருக்கு முச்சக்கர வண்டி, 600 ரூபாய்.

"மருதமுத்து மாஸ்டர் வீட்டுக்காம்மா? பூவுக்குப் பேரு வச்ச பெரிய மனுசன்!" என்று சிரித்தார் ஓட்டுநர் சிவா. "நாங்க போன்ல தேடிப் பார்த்துட்டோம். பூ இருக்கு, மாஸ்டரைக் காணோம். கோயில் கூட்டத்துல 'பூ மாஸ்டர் வர்றாரு, கதை கேளுங்க'ன்னு ஓட்டுவோம். இப்ப அவரு கோயில் பக்கமே வர்றதில்ல."

"அந்தப் பேரை எடுத்தது நான்தான்" என்றேன். அவர் கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

மருதமுத்து வாசலிலேயே நின்றார். எழுபதைத் தாண்டியவர், சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டிருந்தார். "கட்டுரை எழுதினவருக்குச் செடிய அனுப்பினப்பவே பேரையும் எழுதி அனுப்பினேன், மேடம். நான் பொய் சொல்லலீங்க."

அவர் நீட்டிய கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில், தாவரப் பெயரை அடுத்து, அவர் பெயர் தெளிவாக அச்சாகியிருந்தது. இரண்டு முறை படித்தேன். "இது போதும்" என்றேன்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா" என்றார் தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவி பாக்கியம். "ஊரே சிரிச்சப்ப எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

"நீயுமா?" என்றார் அவர்.

"ஒரு மாசந்தாங்க. அதுக்குப் போயி என்ன கோவம்?"

வீட்டில் சிக்னல் இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவம்வரை நால்வரும், காத்திருந்த சிவாவின் வண்டியில் நெருக்கியடித்துப் போனோம். அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பதிவோடு இணைத்தேன். 'மருதமுத்து எக்ஸ்' என்பதைச் சேர்த்துச் சேமித்தேன். சிவா தம் போனில் தேடினார்.

"இருக்கு! மாஸ்டர், உங்க பேருதான் மொதல்ல இருக்கு!" பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் சிரிச்சவன்தான். மன்னிச்சுக்குங்க."

"இங்க வேணாம்" என்றார் மருதமுத்து. "நாளைக்கு வெள்ளிக்கிழமை, கோயிலுக்கு வர்றேன். அங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

பாக்கியம் அந்தப் போனை வாங்கி, கொழுந்தோடு நின்ற பெண்கள் ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டு போனார்.

மருதமுத்து என்னிடம் கேட்டார்: "இனிமே யாரும் எடுக்க முடியாதுதானே, மேடம்?"

"முடியும், மாஸ்டர். விதி இன்னமும் இடங்கொடுக்குது."

ஆறுதலுக்காகப் பொய் சொல்ல நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

இப்பக்கம் செல்வோர் திரும்பும் பேருந்தின் நேரத்தை நடத்துநரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஓடைக்கரையில் இறங்குவதானால் இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு உப்பு கொண்டுபோங்கள். தாவரப் பெயர்களை எங்கிருந்தேனும் நகலெடுப்போர், 'எக்ஸ்' என்பதற்கு முன்னால் உள்ள பெயரையும் சேர்த்தே எடுங்கள். அது எத்தனை இடங்களில் இருக்கிறதோ, அதை இல்லாமலாக்க என்னைப் போன்றவர்கள் அத்தனை இடங்களிலும் அழித்தாக வேண்டும்; அது எளிதில் நடக்காது.