திரையின் இரு பக்கமும்

எஸ்தர் டீச்சர் காலமான செய்தியை நாதஸ்வர வித்வான் ஆறுமுகம் சைக்கிளில் வந்து சொன்னார். "டீச்சர் போயிட்டாங்க சார்" என்றவர், படியில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. எஸ்தர் டீச்சர் பாட்டு டீச்சராக இருந்த பள்ளியில் நான் பூகோள ஆசிரியர். ஸ்லைடு புரொஜெக்டரை இயக்கத் தெரியும் என்பதால் மட்டுமே டீச்சர் நடத்திய கிறிஸ்துமஸ் கச்சேரியில் எனக்கு இடம் கிடைத்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸ். பிள்ளைகளின் கீதங்களோடு காதர் பாய் கையால் தட்டி வாசிக்கும் தாயிராப் பறையையும் ஆறுமுகத்தின் நாதஸ்வரத்தையும் சேர்த்து, கூடவே படங்களும் காட்ட டீச்சர் விரும்பினார்கள்.

"மார்கழியில கல்யாணம் இல்லீங்க சார். நாயனம் ஊட்டுல சும்மாதான கெடக்குது? நம்ம பண்டிகைக்குக் கூப்புடலாமுங்க" என்றார்கள்.

சபை மூப்பர் ஞானமுத்து, "கோயில் மேளம் ஹாலுக்குள்ள வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்" என்றார். ஆறுமுகமோ, "செருப்புக் காலோட உக்காந்திருக்கறவங்க முன்னால ஊதமாட்டேனுங்க" என்றார். யாராவது எழுந்து போனால் இதுவே கடைசி நிகழ்ச்சி என்று தலைமையாசிரியர் எச்சரித்தார். நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன்.

டீச்சர் விடவில்லை. குமாரபாளையத்திலிருந்து அகலமான வெள்ளைத் துணி வரவழைத்து, ஹாலுக்கு வெளியே பள்ளி மைதானத்தின் நடுவில் கட்டச் சொன்னார்கள். ஒரு பக்கம் பெஞ்சுகள், பாடகர் குழு, ஹார்மோனியம். மறுபக்கம் பாய்கள், நாதஸ்வரம், தாயிரா. படம் இரண்டு பக்கமும் தெரியும்.

"அந்தப் பக்கம் இடவலம் மாறித் தெரியும் டீச்சர்" என்று கவலைப்பட்டேன்.

"மாட்டுத் தொழுவம் எந்தப் பக்கம் பாத்தாலும் மாட்டுத் தொழுவந்தானுங்க சார். எழுத்து மட்டும் போட்டுறாதீங்க."

நாதஸ்வரத்தின் சுருதி உயரமாக இருக்கிறது என்று பிள்ளைகள் முனகினார்கள். "நாயனத்த இழுத்தா நீட்ட முடியும்? நாமதான் தொண்டையத் தூக்கோணும்" என்றார்கள் டீச்சர்.

அன்று மாலை, தாலாட்டுக் கீதத்தைப் பிள்ளைகள் பாடி நிறுத்த, திரைக்கு அப்பாலிருந்து நாதஸ்வரம் அதையே நீலாம்பரி ராகத்தில் திருப்பிச் சொன்னது. தாயிரா மெல்லத் தாளம் சேர்த்தது. அப்போது மூப்பர் எழுந்தார். என் கை ஸ்லைடை மாற்ற மறந்தது. டீச்சர் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் தாளம் போடுவதை நிறுத்தவில்லை.

மூப்பர் வெளிவாசலுக்குப் போகவில்லை. திரையைச் சுற்றி மறுபக்கம் போய், செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் அமர்ந்தார். பிறகு காரணம் கேட்டவர்களிடம், "அங்கே ஹார்மோனியம் காதை அடைக்குதுப்பா" என்றார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதன்பின் டீச்சர் ஓய்வுபெறும்வரை எந்த மார்கழியிலும் கச்சேரி நிற்கவில்லை.

அடக்கத்தன்று ஆறுமுகம் வெறும் கையோடு நின்றார். "சாவுக்கு ஊதறதில்லீங்க சார். மார்கழி வரட்டும், டீச்சர் பாட்ட நம்ம மைதானத்துலயே ஊதறேன்" என்றார்.

என்னிடமே இருந்துவிட்ட அந்தத் திரைத் துணியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். கொடியில் காற்றுக்கு உப்பிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் இத்தனை காலம் புரொஜெக்டர் பக்கத்திலேயே நின்றுவிட்டேன் டீச்சர். இந்த மார்கழியில் பாயில் உட்காரப்போகிறேன். போய் வாருங்கள்.