உறைக்குள்ளே அறுபத்து மூன்று

கம்பெனியில் அவருக்குப் பெயரே அறுபத்து மூன்று. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அந்தக் கம்பெனி நாணயம் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. சேகரிப்பவர்கள் அனுப்பும் பழைய நாணயங்களுக்கு எழுபதுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். யாருடைய காசு என்று தெரியாமல் மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். பிறகு அதைக் கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, மேலே எண்ணை அச்சடித்து மூடிவிடுவார்கள். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒருவரை ஒருவர் நம்ப வேண்டாம். உறையை நம்பினால் போதும். மற்றவர்கள் அறுபத்தைந்து, அறுபத்தாறு என்று அள்ளி விடும்போது இவர் கை மட்டும் அறுபத்து மூன்றைத் தாண்டாது. "பொண்ணு பார்க்க வந்தப்ப எனக்கு எவ்வளவு போட்டீங்க?" என்று ஒருநாள் மனைவி ஆசையாகக் கேட்டாள். மனுஷர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அறுபத்து மூணு. நெத்தியில ஒரு தழும்பு இருந்துச்சு" என்றார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை.

அந்தக் கஞ்சத்தனம்தான் அவருக்கு மரியாதையைச் சம்பாதித்துக் கொடுத்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் என்று பெயர் வாங்கியிருந்தார். சிலர் பழைய காசைத் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்புவார்கள். அவர் அதை ஓரத்தில் பிடித்து விளக்கின் கீழ் ஒரு சாய்ப்பு சாய்ப்பார். முடியளவு கீறல்கள் ஒரே பக்கமாக ஓடுவது தெரிந்துவிடும். தேய்த்த காசுக்கு எண் கிடையாது. எத்தனை அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவார்கள். சந்தையில் அதன் விலை பாதாளத்துக்குப் போய்விடும்.

அந்தக் கண்தான் கெட்டுப்போனது. வலது கண்ணின் நடுவில் புகை மாதிரி ஒரு மங்கல். இடது கண் சின்ன வயதிலிருந்தே பேருக்குத்தான். முதலில் லென்ஸைத் துடைத்தார். பிறகு விளக்கைக் குறை சொல்லி மாற்ற வைத்தார். கடைசியில் டாக்டரிடம் போனபோது, "போன பார்வை திரும்பாதுங்க. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டார். இவர் வெளியே வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன? பார்ப்பதைத் தவிர அவருக்கு ஒரு வேலையும் தெரியாது.

அதன் பிறகும் மேஜைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். கறையும் பெரிய அடியும் தெரியும். மெல்லிய கீறல் தெரியாது. சந்தேகம் வந்தால் அறுபத்து மூன்று போட்டார். அவர் எப்போதும் போடுவது அதுதானே, யாருக்குச் சந்தேகம் வரும்? இன்னொரு கூத்தும் நடந்தது. ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்கக்கூடாது என்பது சட்டம். பக்கத்து மேஜைக்காரர்கள் இருவரும் இவருடைய சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் எண்ணைப் போட்டார்கள். அவரே எண் போட்டுவிட்டார் என்றால் காசில் கோளாறு இருக்காது என்று நினைப்பு. மூன்று பேர் பார்க்கிறோம் என்று கம்பெனி மார்தட்டிக்கொண்டிருந்தது. உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை.

மனைவியின் தம்பி ஒரு தொழிற்சாலையில் தகடு வெட்டும் மெஷினில் வேலை பார்த்தவன். வலது கையில் இரண்டு விரல்களை மெஷின் தின்றுவிட்டது. கிடைத்த நஷ்டஈட்டில் பாதியைப் போட்டு ஒரு வெள்ளிக் காசு வாங்கினான். விலை ஏறியதும் விற்றுச் சின்னதாக ஒரு கடை போட வேண்டும் என்பது அவன் திட்டம். அதை அவன் அவரிடம் காட்டியதே விற்கப் போய் அலைந்த பிறகுதான்.

"மூணு கடைக்குப் போயிட்டேன் அத்தான். வெளிச்சத்துல ஆட்டி ஆட்டிப் பார்த்துட்டு, இப்ப வேணாம்பான்னு திருப்பிக் குடுத்துடறானுங்க. உங்க கம்பெனி உறைன்னுதானே கண்ணை மூடிக்கிட்டு வாங்கினேன்!"

அவர் உறையை ஜன்னலோரம் பிடித்துச் சாய்த்தார். காசில் ஒரு பெண்ணின் முகம். தாடைக்குக் கீழே மிளகளவு கறுப்புக் கறை. கறை ஞாபகம் இருந்தது. அவர் மேஜைக்கு வந்த காசுதான். மனைவி தன் போனில் அதைப் படம் எடுத்து, விரலால் விரித்துப் பெரிதாக்கினாள்.

"என்னங்க இது, பாத்திரம் தேய்ச்ச மாதிரி கோடு கோடா இருக்கு?"

போன் திரையில், அந்த அளவில், அவருக்கே தெரிந்தது. நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே பக்கமாக ஓடிய கோடுகள்.

"இது தேய்ச்ச காசு மச்சான். நான்தான் தப்பா போட்டுட்டேன். மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்பு. தப்புன்னு ஆனா நஷ்டத்தைக் கம்பெனி குடுக்கணும், அது அவங்க வாக்கு."

"நீங்களாவது, தப்பா போடறதாவது!" என்று அவன் சிரித்தான். ஆனாலும் அனுப்பினான்.

மறுபடி பார்க்கும் காசு, மதிப்பெண் போடுகிறவர்களுக்கெல்லாம் மேலே இருக்கும் தலைமை கிரேடரிடம்தான் போகும். அவர் பக்கத்து மேஜையிலிருந்து இவருடைய சீட்டை எட்டிப் பார்த்த இருவரில் ஒருவர்; அண்மையில்தான் பதவி உயர்ந்திருந்தார். இவர் அவருடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"தாடைக்குக் கீழ கறை இருக்கற காசு வந்திருக்கும். அது என் மச்சானோடது. தேய்ச்ச காசு. என் கண்ணு போயிடுச்சு சார். ஒரு வருஷமா ஒண்ணும் சரியாத் தெரியல."

தலைமை கிரேடர் முகத்தில் ஈயாடவில்லை. காசு அவர் முன்னால்தான் இருந்தது. அவருக்குக் கண் நன்றாகவே தெரியும்.

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"ஒரு வருஷத்துல நீங்க போட்ட உறை எல்லாம் திரும்பி வந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? சரி, இனி நீங்க வேலைக்கு வர வேணாம், வீட்டுல ஓய்வெடுங்க. இதை நான் பார்த்துக்கறேன்."

அதை அவர் நல்ல வார்த்தை என்று நினைத்தார். லென்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வேலை போனது வலித்தது. மச்சானுக்குப் பணம் வந்துவிடும் என்பது ஒன்றே ஆறுதல். அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழுதாள், திட்டினாள், பிறகு கண்ணில் மருந்து விட்டாள்.

அடுத்த மாதம் மச்சான் வந்தான். வாயெல்லாம் பல். புது உறையை அவர் உள்ளங்கையில் வைத்தான்.

"பாருங்க அத்தான்."

அவருக்கு எண் தெரியவில்லை. "எவ்வளவு போட்டிருக்கு?"

"அதே அறுபத்து மூணு!"

"அது பொய் மச்சான். தலைமை கிரேடர் தெரிஞ்சேதான் போட்டிருக்காரு. நான் சொல்றதைக் கேளு, அது தேய்ச்ச காசு."

மச்சானுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. அவன் அவர் தோளில் கை வைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான்.

"அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டா அத்தான். கண்ணு தெரியாம எத்தனை நாள் கஷ்டப்பட்டீங்களோ, பாவம். அதனாலதான் என் காசு உங்களுக்குக் கெட்டதாத் தெரிஞ்சிருக்கு. கண்ணு நல்லா இருக்கறவங்க பார்த்துட்டாங்க, விடுங்க."

"கோடு இருந்துச்சுடா, நானே பார்த்தேன்" என்றாள் மனைவி.

"உனக்குக் காசைப் பத்தி என்னக்கா தெரியும்? போன்ல எடுத்தா எல்லாம் கோடு கோடாத்தான் இருக்கும். கம்பெனிக்காரங்க ரெண்டு தடவை பார்த்துட்டாங்க. மீதி நஷ்டஈட்டையும் போட்டு இதே கம்பெனி உறையில இன்னொண்ணு வாங்கப் போறேன். பேசி முடிச்சாச்சு."

அவர் உறையை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "வேணாம் மச்சான்" என்றார். "வேணாம்."

மச்சான் மீதமிருந்த மூன்று விரல்களால் அதை அவர் கையிலிருந்து மெதுவாக விடுவித்து, சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.