சண்டை போட்ட வாரத்துப் புண்

புண் கட்டுகிறவனுக்குக் கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, காதும் கொஞ்சம் மந்தமாக இருக்க வேண்டும். எனக்கோ காது நன்றாகக் கேட்டது. பெங்களூரில் தண்டு என்கிற கன்டோன்மென்ட் பகுதியில் ஒரு டாக்டரிடம் டிரெஸ்ஸராக இருந்து, இருபத்தெட்டு வருஷம் வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றினேன். “புருஷனும் பெண்சாதியும் சண்டை போடுகிற வீட்டில் புண் ஆறாது” என்று போன இடமெல்லாம் சொன்னேன். அது மெய்தானா என்று அத்தனை வருஷமும் சந்தேகப்பட்டுக்கொண்டும் இருந்தேன். அப்படிப்பட்ட வீட்டில் வாழ்ந்தவர்களும், என்னைப் போல அதன் படி ஏறி இறங்கியவர்களும் இதைப் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வாருங்கள். என்னால் முடியவில்லை.

வெந்நீர்

சவரிமுத்து ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நீரிழிவுக்காரர். இடது கணுக்காலில் புண். கோயில் தெருவில் அவரும் மனைவி ஆரோக்கியம்மாளும் மட்டும் இருந்தார்கள். ஒரே மகனை அவர் அடித்து விரட்டினார், அவன் பம்பாய்க்குப் போனவன் கடிதம்கூடப் போடவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. காலையில் நான் போனால், பேசவேண்டியதையெல்லாம் என் வழியாகப் பேசிக்கொள்வார்கள்.

முதல் நாளே சவரிமுத்து, புண் கழுவ வைத்த கிண்ணத்தில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “டிரெஸ்ஸரே, வெந்நீர்னா சூடா இருக்கணும்னு அந்தம்மாகிட்ட சொல்லுங்க” என்றார். நான் வாய் திறப்பதற்குள் சமையற்கட்டிலிருந்து பதில் வந்தது: “முப்பத்தி நாலு வருசமா கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், இன்னும் சூடு பத்தலையாமான்னு கேளுங்க!”

எண்ணெய்த்தாள்

சனிக்கிழமைதோறும் புண்ணின்மேல் எண்ணெய்த்தாளை வைத்து, அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து டாக்டரிடம் காட்டுவது எங்கள் வழக்கம். புண் சுருங்குகிறதா, பரவுகிறதா என்று அதில் தெரியும். மழைக்காலம் முடிவதற்குள் ஆறாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு தாளையும் பயத்தோடுதான் எடுத்துப் போவேன்.

ஆளுக்கொரு சுவரைப் பார்த்து அவர்கள் கத்துகிற சத்தம் வாசலிலேயே கேட்ட வாரங்களில் கோடு பெரிதாக இருந்தது. தாளின் மூலையில் “சண்டை” என்று சிறிதாக எழுதிவைத்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. சத்தத்தைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தவனின் பென்சில் தானாகவே கொஞ்சம் வெளியே போயிருக்காதா? டாக்டர் அந்த மூலையைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. “என்னப்பா, உன்னைப் புண்ணை அளக்கச் சொன்னேனா, குடும்பத்தை அளக்கச் சொன்னேனா?” என்றார்.

ஆனேக்கல்

சவரிமுத்துவின் தங்கை ஆனேக்கலில் இருந்தாள். அவள் வந்து அண்ணனைக் கூட்டிப்போய் ஆறு வாரம் வைத்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது கட்டைப் பிரித்தால், புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் மூடியிருந்தது. அன்று எண்ணெய்த்தாளுக்கு வேலையே இல்லை. நான் அந்தக் காலை முத்தமிடாததுதான் பாக்கி.

“எல்லாம் ஆனேக்கல் நீரு, டிரெஸ்ஸரே. கிணத்துத் தண்ணி, கல்கண்டு மாதிரி” என்றார். கதவோரம் நின்ற ஆரோக்கியம்மாள் முதல்தடவையாக அவர் முகத்தைப் பார்த்தே பேசினாள்: “தண்ணியாமே தண்ணி! அங்க நான் கிடையாது. அதைச் சொல்ல வாய் வரலியா?”

பிரிந்திருந்ததுதான் மருந்து என்று அவளே சொல்லிவிட்டாள் என நான் எடுத்துக்கொண்டேன். தங்கை அளந்து போட்ட சாப்பாட்டையும், படுத்தே கிடந்த ஆறு வாரத்தையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கட்டில்

மூன்று வாரத்தில் புண் மறுபடி வாய் திறந்தது. இந்தத் தடவை எலும்புவரை போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார்.

அதற்கும் இரண்டு வருஷம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனவன், மனம் கேட்காமல் உள்ளே போனேன். ஆரோக்கியம்மாள் தலையணைகளை அடுக்கிக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. நான்கு சொல்லுக்கு ஒருதரம் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

“எத்தினி நாளா இப்படி?” என்றேன்.

“அதெல்லாம் அவர் இருக்கும்போதே. நீங்க காலைப் பாக்க வந்தவரு, உங்ககிட்ட என்னத்த சொல்றது? மாடிப்படி ஏறினா நெஞ்சைப் புடிக்கும். ஒரு வார்த்தை ஏறிப் பேசிட்டா ராவெல்லாம் படுக்க முடியாது.” தலையணையில் நிமிர்ந்து சாய்ந்துகொண்டு கேட்டாள்: “நிஜம் சொல்லுங்க டிரெஸ்ஸரே. என் வாய்தானே அவர் காலைத் தின்னுச்சு? நீங்கதான் ஊரெல்லாம் சொல்றீங்களாமே.”

பென்சிலைப் பற்றி அவளிடம் சொன்னேன். சாப்பாட்டையும் படுக்கையையும் சொன்னேன். எனக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அந்த வீட்டில் சண்டை போட்டவர்கள் இரண்டு பேர். நான் வரைந்ததெல்லாம் ஒருவர் உடம்பை மட்டும்தான். அவர் திரும்பி வந்த நாளே கேட்டிருக்க வேண்டியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

“அம்மா, அவர் ஆனேக்கல்ல இருந்த அந்த ஆறு வாரமும் உங்களுக்கு மூச்சு எப்படி இருந்துச்சு?”